சகாயம் கேட்ட பாலம்

சகாயம் முதலில் செருப்பைக் கழற்றினாள். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பைச் சுற்றி இழுத்து இறுக்கிச் செருகிக்கொண்டாள். அவள் கையில், எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்தும் சவுக்குக் கழி இருந்தது.

மாசி மாதக் காலை. ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டுக்குப் பின்னால், கூவம் ஆற்றங்கரையில் எங்கள் காலனி ஆட்கள் அத்தனை பேரும் நின்றிருந்தோம். வேலிகாத்தான் மர நிழலில் ஒரு ஜீப் நின்றது. அதில் வந்த அதிகாரி குடை பிடித்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மணல் காண்ட்ராக்டர் பலராமன், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றார்.

"வேணாம் சகாயம். சொல்றதை வாயால சொல்லு, போதும்" என்றேன்.

"வாயால சொல்லி யாரு கேட்டாங்கக்கா?" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீருக்குள் கால் வைத்தாள்.

அவள் இறங்கிக்கொண்டிருக்கட்டும். ஏன் இறங்கினாள் என்பது புரிய வேண்டுமானால், அந்த ஆற்றின் நடுவே இருந்த திட்டைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

நடுத்திட்டு

கூவம் என்றதும் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நகரத்துக்குள் நுழைந்த பிறகுதான் அதற்கு அந்தக் கதி. எண்பதுகளில் எங்கள் பக்கம் அது மணலைக் கழுவிக்கொண்டு ஓடிய சாதாரண ஆறு. ஐப்பசியில் கரை தொடும். தை மாதம் முழங்காலுக்கு இறங்கும். சித்திரையில் வெறும் மணல்தான்.

எங்கள் காலனிக்கு நேர் எதிரே ஆறு இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒன்றாகும். நடுவில் கிடந்த மேட்டுக்குத்தான் நடுத்திட்டு என்று பெயர். கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி இருக்கும். வெற்றிலை போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தால், மென்று துப்புவதற்குள் சுற்றி வந்துவிடலாம்.

அதில் ஒரு பெரிய நீர்மருது மரம் இருந்தது. அடிமரத்தை இரண்டு பேர் கைகோத்தால்தான் அணைக்க முடியும். திட்டின் மேல்நுனியில், நீர் வரும் பக்கம், இலந்தைப் புதர்கள். நடுவில் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் அடித்தளம் ஒன்று, கட்டடம் இல்லாமல். அதன் ஓரத்தில் அம்புக்குறி செதுக்கிய நில அளவைக் கல்.

அந்த அடித்தளம் எதனுடையது என்று ஆளுக்கொரு கதை. எருமை மேய்க்கும் துலுக்காணத்தைக் கேட்டால், "எங்க நைனா சொல்லும். வெள்ளைக்காரத் தொர ஒருத்தன் வாத்து சுட வருவானாம். அவன் தங்குற ஊடு அது" என்பார். அவருடைய மனைவி அதை ஒப்புக்கொள்ள மாட்டார். "தொரையுமில்ல ஒண்ணுமில்ல. வெள்ளரித் தோட்டத்துக்குக் காவக் கொட்டா கட்டியிருந்தாங்கோ" என்பார்.

வெள்ளரித் தோட்டம் இருந்தது நிஜம். பூந்தமல்லியிலிருந்து வந்து ஒரு குடும்பம் கோடை முழுக்கத் திட்டிலும் சுற்று மணலிலும் வெள்ளரி போடுமாம். ஏதோ ஒரு வருட வெள்ளத்தில் திட்டின் பாதி மண் கரைந்து போனது. அதன் பிறகு அவர்கள் வரவில்லை. திட்டு எருமைகளுக்கும் கொக்குகளுக்கும் எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கும் மிஞ்சியது.

ஒரே சுவர்

ஆவடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸ் கிடைக்காமல் காத்திருந்தவர்கள்தான் எங்கள் காலனியில் பெரும்பாலும். நானும் என் கணவரும் ஆரணியிலிருந்து வந்தோம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். பக்கத்துப் போர்ஷனில் தூத்துக்குடிக் கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த தாமஸும் சகாயமும். இரண்டு போர்ஷனுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே கடுகு தாளித்தால் இங்கே தும்முவோம்.

தாமஸ் வெல்டர். அதிகம் பேசமாட்டார். சகாயம் பேசுவாள். வந்த புதிதில் எங்கள் ஊர் மீனைப் பார்த்து, "இது செத்து எத்தன நாளாச்சு?" என்று மீன்காரியிடம் கேட்டு, தெருவே வேடிக்கை பார்க்கும்படி ஒரு சண்டை போட்டாள். மறுவாரம் இருவரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். மீன்காரி முதல் கூடையை அவள் வாசலில்தான் இறக்குவாள்.

அவர்களுக்கு ஒரே பையன். ஜெரால்டு. நாங்கள் ஜெரி என்போம். எட்டு வயது. முன்பல் இரண்டும் பெரிதாக, சட்டைப் பை எப்போதும் எதையோ அடைத்து உப்பியிருக்கும். கடலோரத்தில் பிறந்த பிள்ளை என்பதால் நீந்தத் தெரியும் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் கைக்குழந்தையாக இருந்தபோதே அவனை ஆவடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கற்றுக்கொள்ள அவனுக்குக் கடல் கிடைக்கவில்லை.

இலந்தைப் பழ நாட்கள்

தை பிறந்தால் திட்டில் இலந்தை பழுக்கும். பிள்ளைகள் காற்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு ஆற்றைக் கடப்பார்கள். எப்போதும் கடந்த வழி. முழங்கால் தண்ணீர். எந்தத் தாயும் அதற்காகப் பயந்ததில்லை.

அந்த வருடத் தை மாதம் ஒரு மாலை பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். நான் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது சகாயம் ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தாள். மூன்றாவது முறை மூழ்கி எழுந்தபோது அவள் கையில் ஜெரி இருந்தான்.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. அவளுக்கும் அதில் சம்மதம் இருக்காது.

அடக்கம் முடிந்து சில நாட்களில் காலனிக் கூட்டம் நடந்தது. எல்லோருக்கும் பயம். எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள். முள்கம்பி வேலி போடலாம் என்றார் ஒருவர். அப்போதுதான் பலராமன் வந்தார். ஆற்றின் இந்தப் பகுதியில் மணல் அள்ளுவது அவருடைய லாரிகள்தான்.

"அந்தத் திட்டு இருக்கறதாலதான் தண்ணி சுழிக்குது. சுழி இருந்தா பள்ளம் விழும். திட்டையே எடுத்துட்டா ஆறு நேரா ஓடும். உங்களுக்குச் செலவே இல்ல. நானே எடுத்துத் தர்றேன்" என்றார்.

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. பிள்ளையைக் கொன்ற இடம் இல்லாமல் போவது நல்லதுதானே. தலைகள் ஆடின. அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த சகாயம் எழுந்தாள்.

"திட்டு எம்புள்ளைய ஒண்ணும் செய்யல. அவன் விழுந்தது குழியில. அந்தக் குழிய நான் கால் வெச்சுப் பாத்திருக்கேன். அது சுழி பறிச்ச குழி இல்ல."

எல்லோரும் அவள் துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால், அன்று நானும் என்ன நினைப்பது என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் அடுத்த நாளே ஆவடிக்குப் போய் அதிகாரிகளிடம் மனு கொடுத்தாள். அதற்கடுத்த நாளும் போனாள். ஜீப் வரும்வரை போய்க்கொண்டே இருந்தாள்.

கழி முழுகிய இடம்

இப்போது மறுபடி அந்த மாசிக் காலைக்கு வருகிறேன்.

தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டது. பிறகு கெண்டைக்கால். கழியை முன்னால் ஊன்றி ஊன்றிப் பிள்ளைகள் கடக்கும் அதே வழியில் நடந்தாள். தண்ணீர் முழங்காலில் நின்றது. பாதி ஆறு தாண்டியும் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை.

திட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றாள். கழியை முன்னால் இறக்கினாள். அது இறங்கிக்கொண்டே போனது. அவள் கைப்பிடி தண்ணீரைத் தொட்டபோதும் அடி தட்டவில்லை.

"பாருங்க சார்" என்று கரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு ஒரு அடி எடுத்து வைத்தாள். காணாமல் போனாள்.

என் கையிலிருந்த அவள் கைக்கடிகாரம் கீழே விழுந்தது. தாமஸ் தண்ணீரில் பாய்ந்தார். அவர் நாலடி வைப்பதற்குள் அவள் தலை மேலே வந்தது. கொண்டை அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. இரண்டு கை வீசித் திட்டுப் பக்கத்து விளிம்பைப் பிடித்து ஏறினாள். ஏறி நின்றதும் அங்கே மறுபடி முழங்கால் தண்ணீர்தான்.

"ஆறு பறிச்சா சரிவா இருக்கும் சார். பையப் பையக் கால் இறங்கும், புள்ள திரும்பிருவான். இது கெணறு மாதிரி நட்டுக்குத்தா இருக்கு. நாலு பக்கமும் வெட்டுன கரை. யாராச்சும் வந்து தொட்டுப் பாருங்க."

பலராமன் அதிகாரியின் பக்கம் சாய்ந்தார். "புள்ளயப் பறிகொடுத்த துக்கம் சார். இன்னமோ பேசுது."

ஆற்றில் குரல் நன்றாகக் கேட்கும். சகாயம் அங்கிருந்தே பதில் சொன்னாள். "துக்கந்தான். துக்கம் வந்தா கண்ணு அவிஞ்சா போவும்?"

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து துலுக்காணம் முன்னால் வந்தார். அவர் பலராமனைப் பார்க்கவில்லை. அதிகாரியை மட்டும் பார்த்துப் பேசினார்.

"ஆடி மாசம் ஆத்துல தண்ணி இல்ல சார். அப்போ லாரி எறங்கி அள்ளிகினு போச்சு. நான் எருமை ஓட்டிகினு வந்து பாத்தேன். இன்னாத்துக்கு இவ்ளோ பள்ளம் எடுக்கிறீங்கன்னு கேட்டா அடிக்க வந்தானுங்கோ. இந்த வருசம் பெரிய வெள்ளமும் வர்ல. பள்ளம் தூராமலே கீது."

"இதை முன்னாடியே ஏன் சொல்லல?" என்று அதிகாரி கேட்டார்.

"யாரும் கேக்கல சார்."

அதிகாரி குடையை மடக்கினார். ஜீப்போடு வந்த ஆளைத் தண்ணீரில் இறங்கச் சொன்னார். அந்த ஆள் பள்ளத்தின் விளிம்பில் நின்று, தாமஸின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் துழாவினார். நிமிர்ந்து பார்த்து, "வெட்டுன பள்ளந்தான் சார்" என்றார்.

அந்த வாரமே திட்டைச் சுற்றி மணல் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. உத்தரவு வந்தால் லாரி நின்றுவிடும் என்று நம்ப நாங்கள் அப்பாவிகள் இல்லை. சில மாதம் கழித்து லாரிகள் மேற்குப் பக்கத்து வண்டிப்பாதை வழியாக வந்தன. காலனிப் பெண்கள் பாதையில் போய் உட்கார்ந்தோம். காய்கறியை அங்கேயே நறுக்கினோம். டிரைவர்கள் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துவிட்டு இறங்கி வந்து பேசினார்கள். அவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள்தான். பலராமன் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

மாற்றல்

அந்த வருட மழை தொடங்குவதற்குள் சகாயத்தின் வீட்டுக்கு இன்னொரு செய்தி வந்தது. தாமஸ் திருச்சித் தொழிற்சாலைக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருந்தார். கிடைத்துவிட்டது. தினமும் அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போக அவரால் முடியவில்லை. அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது.

ஒரே சுவர் என்று சொன்னேனே. அன்று காலை அவர்கள் பேசியது எனக்கும் கேட்டது.

"மாத்தல் வந்துட்டு" என்றார் தாமஸ்.

"நீங்க முன்னால போங்க. நான் பொறவு வாரேன்."

"எப்ப?"

"பாலம் முடியட்டும்."

"எந்தப் பாலம்?"

"திட்டுக்கு ஒரு பாலம் வேணும். வேலி போட்டா புள்ளைக நிக்கவா செய்யும்? இலந்தை பழுத்தா எப்படியும் போவும். நம்ம போட்ட வேலிய ஏறிக் குதிச்சுப் போவும். போற புள்ள கால் நனையாம போயிட்டு வரட்டும்."

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தாமஸ் கேட்டார். "எவ்வளவு அகலம் இருக்கும் ஆறு?"

"நீங்கதான வெல்டரு. அளந்து பாருங்க" என்றாள் அவள்.

அவர் திருச்சிக்குப் போகவில்லை.

காலனியில் இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 'பையனை விழுங்கிய இடத்துக்குப் பாலமா' என்று முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். ஒரு தாய் தன் பிள்ளையைச் சகாயத்தின் வீட்டுப் பக்கமே அனுப்பாமல் வைத்திருந்தாள். சகாயம் யாரிடமும் வாதாடவில்லை. வீடு வீடாகப் போய், "ஞாயித்துக்கிழமை ஒரு ஆள் அனுப்புங்க, மண்ணு சுமக்கணும்" என்று மட்டும் கேட்டாள். முதல் வாரம் வந்தவர்களைவிட வராதவர்கள் அதிகம். மறுவாரமும் அதே வாசல்களில் போய் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

முதல் வேலை அந்தக் குழியை மூடுவதுதான். அடுத்த கோடையில் ஆறு காய்ந்ததும், கல்லும் மண்ணுமாகச் சுமந்து போட்டோம். மேல்மண்ணை மிதித்துச் சமன் செய்தபோது தாமஸ் மட்டும் அந்த இடத்தில் கால் வைக்காமல் ஓரமாக நின்றார். சகாயம் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து நடுவில் நிறுத்தினாள். இருவரும் சேர்ந்து மிதித்தார்கள்.

பிறகு பாலம். காயலான் கடைகளில் அலைந்து பழைய இரும்புக் குழாய்கள் வாங்கினோம். ஏலத்தில் வந்த, தண்டவாளத்துக்கு அடியில் போடும் ரயில் கட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். தொழிற்சாலையில் வாரம் முழுக்க இரும்போடு மல்லாடிய ஆட்கள், ஞாயிற்றுக்கிழமையும் வெயிலில் நின்று இரும்பை ஒட்டினார்கள். பற்றவைக்கும் வாசனையும், பழைய கட்டையிலிருந்து வரும் தார் வாசனையும் அந்தக் கோடை முழுக்க எங்கள் துணிகளில் இருந்தன.

பூந்தமல்லியிலிருந்து கரீம் பாய் வந்தார். கதவு, நிலை, வண்டிச் சட்டம் செய்கிற தச்சர். கட்டைகளை வரிசையாகப் பதிக்க அவரைக் கூப்பிட்டிருந்தோம். வேலையை ஆரம்பிக்கும் முன் கைப்பிடிக் கம்பியைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? கம்பி பெரியவங்க இடுப்பு உசரத்துக்கு கீது. பசங்களுக்கு இன்னா பண்ணுவீங்க?"

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. தாமஸ் முகமூடியை மாட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளின் நெஞ்சுயரத்தில் இன்னொரு கம்பி ஒட்டினார். அதற்கும் கீழே ஒன்று ஒட்டினார். சகாயம் குனிந்து இடைவெளியில் தன் கையை விட்டுப் பார்த்தாள். "இன்னும் ஒண்ணு" என்றாள். அவர் இன்னும் ஒன்று ஒட்டினார்.

பாலம் முடிந்த அன்று விழா எதுவும் வைக்கவில்லை. சகாயம் போனாள், வந்தாள். கட்டைகளின் மேல் குதித்துப் பார்த்தாள். பிறகு சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

பூங்காவில் இருந்தவை

பூங்கா என்று அதற்கு நாங்கள் பெயர் வைத்துக்கொண்டோம். பார்ப்பவர்கள் சிரிக்கலாம்.

நீர்மருது மரத்தில் இரண்டு ஊஞ்சல், லாரி டயரில் செய்தவை. கரீம் பாய் செய்து கொடுத்த, ஏறி இறங்கி ஆடும் ஏற்றப்பலகை, புளியங்கட்டையில். அதில் ஒரு பக்கம் மட்டும் உட்காருமிடம் வழவழப்பாகத் தேய்ந்தது. ஏன் என்று கடைசிவரை தெரியவில்லை. செங்கல் அடித்தளத்தைப் பூசிச் சுற்றித் திண்டு கட்டினோம். துரையின் வீடோ காவல் கொட்டகையோ, இப்போது அது தாய்மார்கள் உட்கார்ந்து பேன் பார்க்கும் இடமாகிவிட்டது. அளவைக் கல் ஓட்டப் பந்தயத்துக்கு எல்லை. அதைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

ஒரு கைப்பம்பு போட்டோம். நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வைத்தோம். முதல் செடிகளைத் துலுக்காணத்தின் எருமைகள் தின்றன. இரண்டாவது முறை வைத்தவற்றையும் தின்றன. "அதுங்களுக்கு இன்னா தெரியும், பார்க்குன்னு எழுதியா வெச்சிருக்கு" என்றார் அவர். மூன்றாவது முறை அவரே முள் வெட்டிக் கொண்டுவந்து படல் கட்டினார்.

இலந்தைப் புதர்களை வெட்டிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். சகாயத்தின் மனம் நோகுமே என்றுதான். "அதுக்குத்தான புள்ளைக வருது" என்று அவள் தடுத்துவிட்டாள்.

சீட்டாட வந்தவர்களை விரட்டினோம். பாட்டிலோடு வந்தவர்களையும் விரட்டினோம். பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வந்து மரத்தடியில் தனியாக உட்கார்ந்து பேசும் ஜோடிகளை விரட்டலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. "இருந்துட்டுப் போவட்டும்" என்று பெண்கள் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னோம். ஆண்களுக்கு அது ஆச்சரியம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருந்தது. வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்ததும், தை, மாசி இரண்டு மாதங்களும் திட்டின் மேல்நுனியில் சகாயம் நீச்சல் கற்றுக்கொடுத்தாள். அங்கே இடுப்பளவு ஆழத்தில் ஒரு மடு இருந்தது. ஒவ்வொரு நாளும் முதலில் அவளே இறங்கி அடியை மிதித்துப் பார்ப்பாள். பிறகுதான் பிள்ளைகள். அடிவயிற்றில் ஒரு கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "கால அடி, கால அடி" என்பாள். எந்தக் கணத்தில் அந்தக் கையை எடுத்தாள் என்பது பிள்ளைக்கே தெரியாது.

தன் பிள்ளையை அனுப்பாமல் வைத்திருந்தாளே ஒரு தாய், அவளும் ஒருநாள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். சகாயம் தண்ணீருக்குள் நின்றபடியே கையை நீட்டினாள். "சட்டையக் கழட்டிட்டு வா" என்று பையனிடம் சொன்னாள்.

வெள்ளம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. மேலே ஏரிகள் நிரம்பி, ஆறு கரையை மீறியது. எங்கள் தெருவிலேயே முழங்கால் தண்ணீர். பகலில் மொட்டை மாடியில் நின்று பார்த்தோம். திட்டு இருந்த இடத்தில் நீர்மருது மட்டும் நின்றது. அதன் கிளைகளில் பாம்பும் கொக்கும் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

எங்கள் கண்முன்னேதான் பாலம் போனது. முதலில் மரம் ஒன்று மிதந்து வந்து குறுக்கே சிக்கிக்கொண்டது. பிறகு செத்தை சேர்ந்தது. பிறகு பாலம் முழுவதும் மெதுவாகச் சாய்ந்து, ஒரு பெரிய மிருகம் படுப்பதுபோல் தண்ணீரில் படுத்துக்கொண்டது. தாமஸ் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது அவர்களுக்கு மறுபடி ஒரு குழந்தை இருந்தது. ஸ்டெல்லா. கைக்குழந்தை. சகாயம் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலத்துக்குக் கால் குட்டையாப் போட்டுட்டோம். ஒரு ஆள் உயரம் தூக்கிப் போடணும்" என்றாள்.

வெள்ளம் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். திட்டின் கீழ்நுனி கொஞ்சம் கரைந்திருந்தது. ஏற்றப்பலகை இல்லை. செடிகள் இல்லை. கைப்பம்பின் கழுத்துவரை வண்டல். காலனியில் பலர் குவார்ட்டர்ஸ் கிடைத்துப் போய்விட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு வயதாகியிருந்தது. 'ஒருமுறை செய்தோம், போதும்' என்ற பேச்சு எழுந்தது. என் கணவரே அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் சிரித்தேன். அவர் முறைத்தார்.

பாலத்தின் இரும்பு திருவேற்காட்டுப் பக்கம் கரை ஒதுங்கியிருந்தது. அங்கிருந்து இழுத்து வந்தோம். இந்த முறை ஆட்கள் குறைவு என்றுதான் பயந்தோம். ஆனால் சகாயத்திடம் நீந்தக் கற்ற பிள்ளைகள் எல்லோரும் இப்போது மீசை முளைத்த இளைஞர்களாகவும் தாவணி போட்ட பெண்களாகவும் ஆகியிருந்தார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வந்தார்கள். ஒருவன் திருநின்றவூரிலிருந்து ரயில் பிடித்து வந்தான். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

புதுப் பாலம் ஒரு ஆள் உயரம் தூக்கிக் கட்டப்பட்டது. அரசாங்கத்திலிருந்தும் அந்த முறை ஆள் வந்து பார்த்து, தூண்களுக்கு சிமென்ட் கொடுத்தார்கள். முடிந்த பிறகு ஒரு பலகை வைக்க விரும்பினார்கள். பையனின் பெயரை வைக்கலாமா என்று சகாயத்திடம் கேட்டார்கள்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம் சார். வெளையாட வார புள்ளைக எதுக்கு அதப் படிக்கணும்? நடுத்திட்டுப் பூங்கான்னு போடுங்க" என்றாள்.

அப்படியே போட்டார்கள்.

தனியாக

ஸ்டெல்லா நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பாலத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். நீச்சலும் கற்றுக்கொண்டுவிட்டாள், அண்ணனுக்குக் கிடைக்காததெல்லாம் அவளுக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் ஒரு மாலை, வாசலில் வந்து நின்றுகொண்டு, "நான் தனியாப் போறேன்" என்றாள்.

சகாயம் முறத்தில் முருங்கைக்கீரையைக் கொட்டி வைத்திருந்தாள். முறத்தோடு எழுந்தாள். பக்கத்தில் இருந்த நானும் சேர்ந்து மூன்று பேரும் ஆற்றங்கரைக்கு வந்தோம். தை மாதம். கீழே முழங்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திட்டிலிருந்து பிள்ளைகளின் சத்தம் வந்தது.

"நான் வேணா கூடப் போயிட்டு வரவா?" என்றேன்.

"வேண்டாம்க்கா. அவ போவட்டும்."

சகாயம் பாலத்தின் முனையில், தரையில் உட்கார்ந்துகொண்டாள். முறம் மடியில் இருந்தது. கை கீரையின் மேல் இருந்தது, அசையவில்லை.

ஸ்டெல்லா கீழ்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடுப்பாலத்தில் நின்றாள். கம்பி இடுக்கில் முகத்தை வைத்துத் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"அம்மா, நீயும் வா."

சகாயம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"நீ போ மக்கா. அம்மா இங்கனதான் இருக்கேன்."

சிறுமி இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு கம்பியை விட்டுவிட்டு ஓடினாள். ரயில் கட்டைகளின் மேல் அவள் பாதங்கள் தடதடவென்று ஒலித்தன. பாலம் முடிந்தது. சத்தம் மண்ணில் இறங்கி அடங்கியது. மரத்தடியில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அதன் பிறகுதான் சகாயம் குனிந்து கீரையை ஆயத் தொடங்கினாள்.